மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் உழைப்பு ஆய்வும்

மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் என்பது தமிழ்நாட்டில் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்ல வகைசெய்யும் திட்டமாகும். மு. க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற 2021 மே 7 அன்று இதற்கான ஆணையில் கையெழுத்திட்டார். மறுநாளே திட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் இது விடியல் பயணத் திட்டம் எனப் பெயர் பெற்றது. ஓர் அரசு சேவை மக்களின் உழைப்பை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராய்வோருக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பயணச் செலவும் வேலையும்

சென்னையின் மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ளது திருமுல்லைவாயில். 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை இதற்கு அருகில் உள்ளது. திருமுல்லைவாயிலிலேயே சிட்கோவின் மகளிர் தொழிற்பூங்காவும் உண்டு. இத்தகைய பகுதியில் வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணின் நாள் கூலி 360 ரூபாய், போக்குவரத்துச் செலவு 30 ரூபாய் எனக் கொள்வோம். கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு பயணத்திலேயே கரைகிறது. மாதம் 26 நாள் வேலை என்றால் 780 ரூபாய். இச்செலவு இல்லையெனில், சற்றுத் தொலைவில் கூடுதல் கூலி தரும் வேலையையும் அவர் ஏற்க முடியும்.

ஆய்வு முடிவு

1971இல் அமைக்கப்பட்ட மாநிலத் திட்டக்குழு இத்திட்டத்தை ஆய்வு செய்தது. பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் சேமிக்கின்றனர் என்று அது கண்டறிந்தது. போக்குவரத்துக் கழகங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்யத் தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

அளவிடுவதில் உள்ள சிக்கல்

சேமிப்பு வேறு, உற்பத்தித்திறன் வேறு. ஒரு மணி நேர உழைப்பில் எவ்வளவு விளைகிறது என்பதே உழைப்பின் உற்பத்தித்திறன். பேருந்துக் கட்டணம் மிச்சமானதால் மட்டும் அது உயர்ந்துவிடாது. பொருத்தமான வேலை கிடைத்ததா, வேலை நாட்கள் கூடினவா என்றும் கேட்க வேண்டும். மேலும், திட்டம் தொடங்கியது கொரோனா பெருந்தொற்றுக் காலம். முடங்கிய தொழில்கள் மீண்டதாலும் பெண்களின் வேலைவாய்ப்பு உயர்ந்திருக்கலாம். எனவே 2021க்கு முன், பின் என்று மட்டும் ஒப்பிட்டு, உயர்வு முழுவதும் பேருந்தால் வந்தது எனக் கூற இயலாது.

நேரமும் கணக்கில் சேரவேண்டும். 2019இல் நடந்த இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிடுகின்றனர். அத்தகைய பெண் கட்டணமில்லாப் பேருந்துக்காக அரைமணி நேரம் நிறுத்தத்தில் காத்திருந்தால், மிச்சமான பணத்துக்கு ஈடாக நேரத்தை இழக்கிறார். அவசரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் அந்தப் பணமும் மிஞ்சாது. ஆகவே இச்சேவையை மதிப்பிடும்போது, எத்தனை பேர் பயணம் செய்தனர் என்பதுடன், வேலை நேரத்துக்கு ஏற்றவாறு பேருந்து வந்ததா என்பதையும் கணக்கிட வேண்டும்.