கணினி மொழியின் புதுப் பதிப்பும் கந்தோர்களின் தயக்கமும்

மொழி காலத்தோடு மாறும் என்பதை நன்னூலார் தம் இலக்கணத்திலேயே ஏற்றுக்கொண்டார். மக்கள் பேசும் மொழிக்குரிய இவ்வியல்பு, கணினிக்குக் கட்டளையிடுதற்கென ஆக்கப்பட்ட மொழிகளுக்கும் உரியதே. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. பழந்தமிழை இக்காலத்தார் ஓரளவேனும் உணர்வர். கணினியோ, பழைய நடையில் எழுதிய வரியைப் புதிய பதிப்பிற் கண்டால் நின்றுவிடும். அன்றேல் வேறு பொருள் கொண்டுவிடும்.

இதற்குத் தக்க சான்று பைதன் மொழியாகும். அதன் மூன்றாம் பதிப்பு 2008 டிசெம்பரில் வெளிவந்தது. பழைய பதிப்பில் முழுவெண் 5ஐ 2ஆல் வகுத்தால் விடை 2, புதியதில் 2.5. நிரல் தடையின்றி ஓடும். விடை மட்டும் மாறும். சம்பளக் கணக்கில் இது நேருமாயின் விளைவை எவரும் உணர்வர். மேலாளர் அஞ்சுவது காரணமற்றதன்று.

எனினும் மாற்றம் வீணுக்கு வந்ததன்று. 'தமிழ்' என்னும் சொல் யுனிகோட்டில் ஐந்து குறியீடுகளால் ஆனது. யூ.டி.எப்.-8 முறையில் அது 15 பைற்று இடம் பெறும். பழைய பைதன் சாதாரணமாக எண்ணியது அப்பைற்றுகளையே. பெயரொன்றை 20 பைற்றில் வெட்டினால், ஆறு குறியீடுகள் போக, ஏழாவது பாதியில் அறுந்து சிதையும். புதிய பதிப்போ குறியீடுகளையே எண்ணுகிறது. ஆங்கிலேயருக்குச் சிறு வசதியாகத் தோன்றுவது, தமிழருக்குத் தம் பெயர் பிழையின்றிப் பதிவாகும் உரிமையாகும்.

அவ்வாறாயின் கந்தோர்கள் தயங்குவதேன்? காரணம் மூன்று.

முதலாவது, சார்பு. 2004ஆம் ஆண்டுச் சுனாமியின்பின் நம் நாட்டிற் பிறந்த சகானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், பின்னர் பைதனில் ஈடன் என்ற பெயரில் மீள எழுதப்பட்டது. அது வெப்2பை என்னும் சட்டகத்தின் மேல் நிற்பது. அச்சட்டகமோ பல்லாண்டு பழைய பைதனிலேயே ஓடியது. அத்திவாரம் மாறாதிருக்க மேன்மாடம் எங்ஙனம் மாறும்?

இரண்டாவது, சோதனையின்மை. நிரலை எழுதியவர் விலகிச் சென்றிருப்பார். அது சரியாக இயங்குகிறதென நாட்டும் சோதனைகளை எழுதி வைத்திரார். எனவே தொட அஞ்சுவர்.

மூன்றாவது, கணக்குப் புத்தகம். மாற்றும் செலவு இம்மாதமே தெரியும். மாற்றாமையின் செலவு எங்கும் எழுதப்படுவதில்லை. பழைய பதிப்புக்கான ஆதரவு 2015இல் முடியுமென முதலிற் கூறப்பட்டு, 2020 வரை நீட்டப்பட்டது. நீட்டிய காலத்தைப் பலர் ஆயத்தத்திற்கன்றி ஒத்திவைப்பிற்கே பயன்படுத்தினர். 2020 ஜனவரி 1 முதல் அப்பதிப்புக்கான ஆதரவு நின்றது.

வழி யாது? ஒரே நிரல் இரு பதிப்பிலும் ஓடுமாறு சிறிது சிறிதாகத் திருத்துவதே. இன்ஸ்ரகிராம் நிறுவனத்தார், சேவையை நிறுத்தாமலே, ஏறத்தாழப் பத்து மாதங்களில் மாறியதாக 2017இல் அறிவித்தனர். முதலிற் சோதனை எழுதுக, பழைய விடையையும் புதிய விடையையும் ஒப்பிடுக, பின்னரே மாற்றுக. இப்பொழுது பைதனுக்கு ஆண்டுதோறும் ஒரு பதிப்பு வருகின்றது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டே ஆதரவு. ஆதலின் இது ஒருமுறை செய்து முடிக்கும் பணியன்று. ஆண்டுதோறும் கூரை வேய்வது போன்றது.

உயர்தர வகுப்பிற் பைதன் கற்கும் நம் மாணவர், நாளை கந்தோரிற் பழைய நிரலைக் காண்பர். அதனை இகழாது, முதலில் அது செய்யும் தொண்டை அறிவாராக. மேலாளராய் அமர்ந்திருக்கும் பழைய மாணவர், புதியோர் மாற்றம் வேண்டுமிடத்து, "இப்பொழுது வேண்டாம்" என்பதோடு அமையாது, "எப்பொழுது" என்பதற்கும் ஒரு திகதி குறிப்பாராக. அத்திகதியின்றேல், தயக்கமே கந்தோரின் வழக்கமாகிவிடும்.