சூளும் அருளும்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில், வானம் பார்த்த கரிசற் காட்டினிடையே விளங்குவது திருச்சுழியல். பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 14-னுள் ஒன்று. நூலும் பருத்தியும் விற்று வாழும் அந்நாட்டிற் கொடுக்கல் வாங்கல் பலவும் வாய்ச்சொல்லை நம்பியே நடப்பன. அத்தலத்தைப் பாடிய சுந்தரமூர்த்தி நாயனாரோ சொற்பிறழ்ந்து கண்ணிழந்தவர்.

திருவொற்றியூரிற் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைக்க வேண்டியபோது, திருக்கோயிலை விட்டு மகிழின்கீழ் எழுந்தருளும்படி நாயனார் இறைவனை வேண்டினார். சூள் பொய்ப்பினும் சந்நிதியிற் பொய்த்ததாகாது என்பது அவர் கருத்துப் போலும். இறைவனோ அம்மகிழடியிலேயே சூள்கொள்ளுமாறு சங்கிலியார்க்கு உணர்த்தியருளினார். பின்பு ஆரூரை நினைந்து நாயனார் ஒற்றியூரெல்லையைக் கடந்த அளவில் இரு கண்ணும் மறைந்தன.

தம்பிரான் தோழர்க்கு இத்துணை ஒறுப்பு வேண்டுமோ எனின், வேண்டும் என்க. சூளை நம்பியவர் சங்கிலியார், அவரும் அடியாரே. ஓரடியாரிடத்துள்ள தோழமைபற்றி மற்றோரடியார்க்கு இழைத்த தீங்கைப் பொறுத்தல் நடுவுநிலையாகாது. ஒறுத்தலும் அருளே, சித்தாந்தநூலார் இதனை மறக்கருணை என்ப.

நாயனார் தம் பிழையை மறைத்திலர், பாடுதலையும் ஒழிந்திலர். வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றைக் கண்ணும் பெற்றார். அதன் பின்னரே சேரமான் பெருமாளோடு பாண்டிநாடு போந்து, திருச்சுழியலிறைவரைக் கண்ணாரக் கண்டு பாடினார்.