கிட் வானூர்தியைத் தேர்ந்தெடுத்தல்

கிட் வானூர்தி என்பது, தொழிற்சாலையில் செய்த பாகங்களைத் தொகுப்பாக வாங்கி, தனிநபர் ஒருவர் தம் வீட்டுப் பட்டறையிலோ வானூர்திக் கொட்டகையிலோ கட்டி முடிக்கும் சிறு வானூர்தி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது பரவலாக உள்ளது. 1953இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் பவுல் போபரெஸ்னி தொடங்கிய பரிசோதனை வானூர்திச் சங்கம், இவ்வாறு கட்டுவோருக்கு வழிகாட்டி வருகிறது. ஒன்றைக் கட்டி முடித்தவர்களில் பலர் அடுத்ததைத் தேடத் தொடங்குகின்றனர். அத்தேர்வில் பல ஆண்டு உழைப்பும் பெருந்தொகையும் பறப்பவரின் உயிரும் அடங்கியுள்ளன.

விதிமுறை

அமெரிக்க விதிப்படி, வானூர்தியின் பெரும்பகுதி வேலையைத் தன்னார்வக் கட்டுநர்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ செய்திருக்க வேண்டும். இது 51 விழுக்காட்டு விதி எனப்படுகிறது. இங்குக் கணக்கிடப்படுவது செய்ய வேண்டிய பணிகளே. செலவோ நேரமோ அல்ல. ஆகவே பாதி முடிந்த நிலையில் விற்கப்படும் விரைவுத் தொகுப்புகளும் இவ்வரம்புக்குள் அமைய வேண்டும். கட்டி முடித்தபின், குறிப்பிட்ட பகுதிக்குள் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் சோதனையாகப் பறக்க வேண்டும். முதன்மையாகக் கட்டியவர், தகுதிச் சான்றிதழ் பெற்றால், ஆண்டுப் பரிசோதனையைத் தாமே செய்யலாம். இச்சான்றிதழ் அந்த ஒரு வானூர்திக்கு மட்டுமே செல்லும்.

பயன்பாடு

முதலில் கேட்க வேண்டியது, "எங்கே, யாருடன், எவ்வளவு அடிக்கடி பறக்கப் போகிறோம்?" என்பதே. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் நிறுவிய வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆர்வி-7இல் இருவர் அருகருகே அமர்வர். ஆர்வி-8இல் ஒருவர் பின் ஒருவராக அமர்வர். இரண்டிலும் வான்சாகசம் செய்யலாம். ஆர்வி-9 சாகசத்திற்கு உரியதன்று. மாறாக, மெதுவாகத் தரையிறங்கும். ஆர்வி-10 நான்கு இருக்கைகள் கொண்டது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பின் இருக்கைகள் நிரம்புமெனில், பெரிய எஞ்சினின் எரிபொருள் செலவை ஆண்டு முழுவதும் சுமப்பது வீண்.

கட்டுமானப் பொருள்

* அலுமினியம்: முன்பே துளையிட்ட தகடுகளை ரிவெட் அடித்து இணைப்பது. சில இடங்களில் தகட்டின் மறுபுறம் தாங்கிப்பிடிக்க இன்னொருவர் வேண்டும். ஆர்வி-12, ஜெனித் சிஎச் 750 போன்றவற்றில் ஒரு பக்கத்திலிருந்தே இழுத்துப் பொருத்தும் ரிவெட்டுகள் என்பதால் பெரும்பாலும் தனியாளே வேலை செய்யலாம்.
* கண்ணாடியிழை: வழவழப்பான வடிவம் கிடைக்கும். ஆனால் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். தேய்ப்பு வேலை மிகுதி. எப்பாக்ஸி சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும்.
* எஃகுக் குழாயும் துணியும்: கிட்ஃபாக்ஸ் இவ்வகை. அதன் இறக்கைகளை மடித்து வைக்கலாம் என்பதால் கொட்டகை வாடகை குறையும்.

முதல் வானூர்தியில் கற்ற கைத்திறனும் வாங்கிய கருவிகளும் அதே பொருளில் தொடர்ந்தால் பயன்படும். பொருளை மாற்றினால் அந்த அளவில் மீண்டும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு

இறக்கைகள் தாங்க முடியாமல் போகும் வேகத்தை ஒப்பிடுவது இன்றியமையாதது. எஞ்சின் நின்றால் ஏறத்தாழ அவ்வேகத்தில்தான் தரையைத் தொட நேரும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தை விட 120 கி.மீ. வேகத்தில் மோதும் ஆற்றல் 2.25 மடங்கு.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, தனிநபர் கட்டிய வானூர்திகள் சிறு வானூர்திகளில் ஏறத்தாழ 10 விழுக்காடு; ஆனால் 2011இன் உயிரிழப்பு விபத்துகளில் 21 விழுக்காடு. எஞ்சின் கோளாறும் கட்டுப்பாட்டை இழப்பதுமே முதன்மைக் காரணங்கள்; உடற்கட்டு முறிவு அரிது. எனவே எரிபொருள் அமைப்பை வடிவமைப்பாளர் சொன்னபடியே கட்டுவது நல்லது. பாடகர் ஜான் டென்வர் 1997இல் லாங்-ஈசி வானூர்தியில் இறந்தார். அவர் அதை வாங்கியவர், கட்டியவர் அல்லர். எரிபொருள் மாற்றும் கைப்பிடி, வரைபடத்தில் உள்ள இடத்தில் இல்லாமல் விமானியின் தோளுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. அடுத்ததற்குப் பணம் திரட்டப் பழையதை விற்பவர்கள், தாம் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியது இதனாலேயே.

செலவும் நிறுவனமும்

தொகுப்பின் விலையில் எஞ்சின், புரொப்பல்லர், மின்னணுக் கருவிகள், வண்ணப்பூச்சு ஆகியவை பொதுவாக அடங்கா. விற்கும் நிறுவனத்தின் நிலையையும் பார்க்க வேண்டும். 11,000க்கும் மேற்பட்ட ஆர்விகள் பறந்துள்ள நிலையிலும், வான்ஸ் நிறுவனம் 2023 திசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. முன்பணம் கட்டியோர் உயர்ந்த விலைக்கு ஒப்ப வேண்டியிருந்தது. 2024இல் நிறுவனம் மீண்டது. முழுத் தொகுப்புக்கும் ஒரே முறையில் பணம் கட்டாமல், வால்பகுதியை மட்டும் முதலில் வாங்கிக் கட்டிப் பார்ப்பது இழப்பைக் குறைக்கும். அந்த வேலை தமக்குப் பிடிக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அதே வகையைச் சொந்தமாக வைத்திருப்பவருடன் ஒருமுறை பறந்து பார்த்தபின் முடிவெடுப்பது மேலும் நல்லது.