கோவை மாணவரும் ஆகாயப் படையும்

அடிமை நாட்டில் யுத்தப் பயிற்சி என்பது ஆளுவோர் அளந்து போடும் பிச்சை. சுதந்திர நாட்டிலோ அது பிரஜையின் உரிமை; கடமையுங்கூட. இந்த வித்தியாசத்தை அறிய விரும்புவோர் கொங்கு நாட்டின் தலைநகராகிய கோயமுத்தூரின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தால் போதும். தேசிய மாணவர் படையின் தமிழ்நாடு இரண்டாவது ஆகாய ஸ்க்வாட்ரன், அதாவது தொழில் நுட்ப ஸ்க்வாட்ரன், அந்நகரைத்தான் இருப்பிடமாகக் கொண்டது. அது அங்கே அமைவதற்கு முன் நடந்தவை நம்மவர் மறக்கத்தக்கவை அல்ல.

முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டபோதுதான் அன்னிய சர்க்காருக்கு நமது கல்லூரி மாணாக்கரின் நினைவு வந்தது. 1917ல் சர்வகலாசாலைப் பட்டாளங்கள் எழுந்தன. அணிவகுக்கவும் துப்பாக்கி பிடிக்கவும் கற்பித்தார்கள். தலைமை வகிக்கக் கற்பிக்கவில்லை. ஆகாய மார்க்கமோ நெடுங்காலம் நமக்கு மூடியே கிடந்தது. இந்திய ஆகாயப் படை 1932 அக்டோபர் 8ந் தேதி தோன்றியது. அதன் முதல் ஸ்க்வாட்ரன் 1933 ஏப்ரல் 1ந் தேதி கராச்சியில் நான்கே நான்கு ‘வாப்பிட்டி’ விமானங்களுடன் ஆரம்பமாயிற்று. இத்தனை பெரிய தேசத்துக்கு நான்கு விமானங்கள்!

கோவையில் 1940ல் பீளமேட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தம் வலுத்ததும் பிரிட்டிஷ் கடற்படையார் அங்கே விமானங்களைப் பழுது பார்க்கும் நிலையம் ஒன்றை அமைத்து, அதற்குக் ‘கருடா’ என்று பெயரிட்டனர். சூலூரில் அவர்கள் வைத்த நிலையத்துக்குப் பெயர் ‘வைரி’. தமிழில் வைரி என்றால் வல்லூறு. பகைவன் என்றும் பொருள். பெயர் வைத்தவர்கள் இரண்டாவது பொருளை அறிந்தார்களோ என்னவோ, கோவை மக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அப்பெயர் சூட்டப்படுவதற்கு முன்பே, 1942 ஆகஸ்டுப் புரட்சியில், சூலூர் விமானத் தளத்தின் கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தேசபக்தர்கள் தீ வைத்தனர். அதற்காகப் பலர் அடியும் உதையும் பட்டுச் சிறை புகுந்தனர். அவர்களுக்கு ஆகாய விமானத்தின் மீது விரோதம் இல்லை. நமது மண்ணில், நமது சம்மதமின்றி, நம்மை அடக்கியாளும் சர்க்காரின் கருவியாக அது நின்றதே என்பதுதான் அவர்கள் ஆத்திரம்.

சுயராஜ்யம் நெருங்கியபோது, மாணவர் படையை எவ்வாறு திருத்தி அமைப்பது என்று ஆராய 1946ல் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு கமிட்டி ஏற்பட்டது. அதன் சிபார்சின் பயனாக 1948ல் தேசிய மாணவர் படைச் சட்டம் பிறந்தது. 1950 ஏப்ரல் 1ந் தேதி பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒவ்வொரு ஸ்க்வாட்ரனாக ஆகாயப் பிரிவு தொடங்கியது. பின்னர் அது மற்ற நகரங்களுக்கும் பரவியது; கோவைக்கும் வந்தது.

தொழில் நுட்ப ஸ்க்வாட்ரனுக்குக் கோவையை விடப் பொருத்தமான ஊர் ஏது? பஞ்சாலைகளும், வார்ப்படச் சாலைகளும், பம்பு மோட்டார்ப் பட்டறைகளும் நிறைந்த நகரம் அது. 1945ல் தோன்றி இன்று அரசினர் தொழில் நுட்பக் கல்லூரியாக விளங்கும் ஸ்தாபனமும், 1951ல் ஏற்பட்ட பூ. சா. கோ. தொழில் நுட்பக் கல்லூரியும் அங்கே இருக்கின்றன. ஆகாயப் படையின் நிர்வாகக் கல்லூரியும் கோவையில்தான் இருக்கிறது. யந்திரத்தோடு பழகிய கைக்கு விமான இன்ஜின் அன்னியமாகத் தோன்றாது. அணிவகுப்பு, குறி பார்த்துச் சுடுதல், விமானம் பறக்கும் தத்துவம், வானிலை அறிவு, மாதிரி விமானம் செய்து பறக்க விடுதல் ஆகிய யாவும் ஆகாயப் பிரிவு மாணவருக்குப் பாடங்கள்.

“காந்தியடிகள் பிறந்த நாட்டில் மாணவனுக்குக் காக்கியும் நீலமும் எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இப்படையில் சேரும் மாணவன் போர்முனைக்குச் செல்ல வேண்டுமென்ற நிர்ப்பந்தம் சட்டத்திலேயே கிடையாது. கட்டுப்பாடும் ஐக்கியமுமே அவன் பெறும் முதற் பாடங்கள். அஹிம்சைப் போருக்கும் அவை இன்றியமையாதவை என்று போதித்தவர் காந்தியடிகளே அன்றோ?

அஞ்சத்தக்கது வேறொன்று உண்டு. சீனப் படையெடுப்புக்குப் பின் 1963ல் கல்லூரி ஆண் மாணவர் யாவருக்கும் இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. தொகை பெருகியது, உற்சாகம் குன்றியது. 1968ல் கட்டாயம் கைவிடப்பட்டது. விருப்பமின்றி அணியில் நிற்பவன் எண்ணிக்கையைக் கூட்டுவான்; பலத்தைக் கூட்ட மாட்டான். அன்று கற்ற இப்பாடத்தை அதிகாரிகள் மறக்கலாகாது.

கல்லூரி நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆகஸ்டு 15ந் தேதியும் ஜனவரி 26ந் தேதியும் கொடிக் கம்பத்தடியில் நிறுத்தி வைக்கும் அலங்காரமாக மாணவர் படையைக் கருதாதீர்கள். தாராபுரம், காங்கயம், பொள்ளாச்சிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், பெண்மக்களுக்கும் அதன் கதவு அகலத் திறந்திருக்கட்டும்.

2018ல் இந்தியாவிலேயே நிர்மாணிக்கப்பட்ட ‘தேஜஸ்’ போர் விமானங்களின் முதல் ஸ்க்வாட்ரன் சூலூரில் வந்திறங்கியது. 1942ல் தீப்பிடித்து எரிந்த அதே சூலூரில்! கோவையின் இளம் விமானப் படையினர் விமானத்தின் இறக்கை இன்னது, வால் இன்னது என்று மட்டும் கற்றால் போதாது. அந்த ஓடுபாதை நம்முடையதாவதற்கு யார் யார் சிறை சென்றார்கள் என்பதையும் கற்க வேண்டும். அதைக் கற்றவனே தான் அணியும் நீல உடைக்கு யார் எஜமானர் என்பதை அறிவான். அந்த எஜமானர் ஜனங்களே.