ரிட்டர்ன் விட்டுப் போனால் என்ன ஆகும்?

‘சி’ மொழியில் ஒரு ஃபங்ஷனை அழைத்தால் இரண்டு விஷயங்கள் திரும்பி வர வேண்டும். ஒன்று கன்ட்ரோல், அதாவது, அழைத்த இடத்திலிருந்து புரோகிராம் தொடர்வது. மற்றொன்று விடை. இரண்டையும் செய்வது ‘ரிட்டர்ன்’ என்ற ஒரே கட்டளைதான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஃபங்ஷனின் கடைசி அடைப்புக்குறியை எட்டிவிட்டால், ரிட்டர்ன் இல்லாவிட்டாலும் கன்ட்ரோல் திரும்பிவிடும். விடை திரும்பாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்ஜினியரிங் இறுதியாண்டில், மாமாவின் ஜவுளிக்கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். தள்ளுபடி சதவீதத்தைச் சொல்ல ஒரு ஃபங்ஷன். தொகை 5000 ரூபாய்க்கு மேல் என்றால் 10, 1000 முதல் 5000 வரை என்றால் 5 என ரிட்டர்ன் செய்யும். 1000-க்குக் கீழே தள்ளுபடி இல்லை. அதனால் எதுவும் எழுதவில்லை. பெரிய தொகைகளைக் கொடுத்துச் சோதித்தேன். சரியாக வந்தது.

மறுநாள் கடையில் 30 ரூபாய் கைக்குட்டைக்கு 21 ரூபாய் என்று பில் வந்தது. அடுத்து 200 ரூபாய் துண்டுக்கு மைனஸ் 200! அன்று முழுக்க மாமா கையால்தான் பில் எழுதினார்.

காரணம் இதுதான். நம் பி.சி.க்களில் உள்ள பிராசஸரில், ஃபங்ஷன் தரும் முழு எண் விடை ஒரு குறிப்பிட்ட ரிஜிஸ்டரில் வைக்கப்படும். அழைத்த பகுதி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். நான் எதுவும் வைக்காததால், ஃபங்ஷனுக்கு அனுப்பிய தொகையே அதில் மிச்சமிருந்தது. 30 ரூபாய்க்கு 30 சதவீதம், 200 ரூபாய்க்கு 200 சதவீதம்! வேறு கம்பைலரில் வேறு எண் வரலாம். இப்படி வரும் மதிப்புக்கு ‘சி’ மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

தீர்வு ஒரே வரி: ஃபங்ஷனின் கடைசியில் ‘ரிட்டர்ன் 0’. ‘இல்லை’ என்பதும் ஒரு விடைதான். அதையும் சொல்லியாக வேண்டும். விடையே தேவையில்லாத ஃபங்ஷன் என்றால் ‘வாய்ட்’ என அறிவித்துவிடுங்கள். ‘மெயின்’ மட்டும் விதிவிலக்கு. 1999-ம் ஆண்டு தரத்திலிருந்து, அதன் முடிவில் ரிட்டர்ன் இல்லாவிட்டால் 0 என்றே கொள்ளப்படும்.

ஜி.சி.சி. பயன்படுத்துவோர் எச்சரிக்கைகளைக் காட்டும் ஆப்ஷனுடன் கம்பைல் செய்யுங்கள். ‘கன்ட்ரோல் ரீச்சஸ் எண்ட் ஆஃப் நான்-வாய்ட் ஃபங்ஷன்’ என்று வந்தால், ஏதோ ஒரு வழியில் ரிட்டர்ன் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். நான் அன்று அந்த ஆப்ஷனைப் போடவில்லை.