வேட்டைக்காரரின் கேமராவும் ராகி வயலும்: ஓசூர்ப் பக்கம் ட்ரெயில் கேமரா வாங்குபவர்களுக்குச் சில குறிப்புகள்

"நல்ல ட்ரெயில் கேமரா எது?" என்று இணையத்தில் தேடிப் பாருங்க. வரும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை அமெரிக்க மான் வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முன்னாடி, தங்கள் நிலத்தில் எந்தக் கொம்பு மான், எத்தனை மணிக்கு, எந்த வழியில் வருகிறது என்று வேவு பார்க்க அவர்களுக்கு இந்தக் கேமரா வேண்டும். நம்ம ஊரில் அந்தக் கதை கிடையாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை இங்கே சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஆனால் அதே கேமரா ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்து விவசாயிக்கும் தேவைப்படுகிறது. தளி பக்கம் எங்கள் உறவினர் நிலத்துக்காக ஒன்று தேட ஆரம்பித்து, படித்ததும் விசாரித்ததுமாகச் சேர்ந்த குறிப்புகள் இவை. வேட்டைக்காரருக்குச் சொன்ன அறிவுரை நமக்கு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதுதான் விஷயம்.

ராத்திரி வந்தது யார்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரம் முழுக்கக் காடு. 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் மட்டும் சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் அறிவித்த காவிரி தெற்குச் சரணாலயம் இன்னொரு 686. கர்நாடகப் பக்கம் பன்னார்கட்டா. ராகி முற்றும் நேரத்தில் யானைக் கூட்டங்கள் அங்கிருந்து தளி, ஜவளகிரி வழியாக இறங்கி, ஓசூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற சானமாவு வரைக்கும் வந்துவிடும். ஒரு பக்கம் சிப்காட் தொழிற்சாலைகளின் விளக்கு, இன்னொரு பக்கம் யானை விரட்டும் பட்டாசுச் சத்தம். இது இங்கே வருஷா வருஷம் நடப்பது.

காலையில் எழுந்து பார்த்தால் பயிர் நாசம். யானை என்றால் காலடியே சொல்லிவிடும். காட்டுப்பன்றியா, புள்ளிமானா, முள்ளம்பன்றியா, பக்கத்து ஊர் மாடா என்பதில்தான் குழப்பம் வரும். கிழங்கைத் தோண்டியிருந்தால் பன்றி என்று ஊகிக்கலாம், நுனியை மட்டும் மேய்ந்திருந்தால் மான் என்று சொல்லலாம். மழை பெய்துவிட்டால் அந்தத் தடமும் போச்சு.

வந்தது எது என்று தெரியாமல் வேலி போடுவதில்தான் ஆபத்து இருக்கு. 2023 மார்ச்சில் பக்கத்து தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கச் சட்டவிரோதமாக இழுத்த மின்கம்பியில் மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் செத்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. நிலத்துக்காரர் கைதானார். அந்த வருஷமே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் கொண்டு வந்தது. பன்றிக்கு என்று போடும் கம்பிக்கு யானை, மனுஷன் என்ற வித்தியாசம் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் காட்டுப்பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டும் சுடலாம், விவசாயி சுட முடியாது. இழப்பீட்டுக்கு மனு கொடுத்தாலும் சரி, பன்றித் தொல்லை என்று புகார் கொடுத்தாலும் சரி, தேதியும் நேரமும் பதிந்த படம் கையில் இருந்தால் பேச்சுக்கு ஒரு பலம் வரும்.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

இந்த மண்ணுக்கே ஒரு வேட்டைச் சரித்திரம் உண்டு. கென்னத் ஆண்டர்சன் 1954-ல் வெளியிட்ட முதல் புத்தகத்தின் முதல் கதையே ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியைப் பற்றியது. அவர் இரவெல்லாம் மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து செய்த வேவு வேலையை இன்று ஒரு சின்னப் பெட்டி செய்கிறது.

அந்தப் பெட்டியின் மூதாதையும் இந்தியாவில் உண்டு. 1920-களில் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், இமயமலை அடிவாரக் காடுகளில் கம்பியை இழுத்துக் கட்டி, புலி தடுக்கினால் தானே படமெடுக்கும்படி செய்தார். 1990-களில் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த், வரிகளை வைத்துப் புலிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு எண்ணும் முறையை நிலைநாட்டினார். 2018-19 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். அது கின்னஸ் சாதனையானது. அவற்றில் புலி இருந்தவை 76,651. அதாவது ஆயிரத்துக்கு இரண்டு சொச்சம். கேமரா வாங்குகிறவர் இந்தக் கணக்கை மனதில் வைக்கணும். எடுப்பதைவிடப் பொறுக்குவதுதான் பெரிய வேலை.

விளம்பரத்தில் பெரிசாப் போடுவதும், உண்மையில் முக்கியமானதும்

*மெகாபிக்சல்.* 36, 48 என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. விலை குறைந்த கேமராக்களில் உள்ளே இருக்கும் சென்சார் சின்னது. படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கி அந்த எண்ணைக் காட்டுவார்கள். கோப்பின் அளவு கூடும், விவரம் கூடாது. வந்தது பன்றியா மானா என்று தெரிய 4 மெகாபிக்சல் நிஜப் படமே தாராளம்.

*தூண்டல் வேகம்.* அசைவை உணர்ந்ததிலிருந்து படம் விழும் வரை ஆகும் நேரம். அரை நொடிக்குள் இருந்தால் நல்லது. ஒரு நொடிக்கு மேல் போனால் பன்றியின் வாலும் வெறும் வயலும்தான் கிடைக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே ஆகும் நேரத்தையும் கேளுங்க. கூட்டமாக வரும் மிருகத்தில் முதல் ஒன்று மட்டும் பதிந்தால் எண்ணிக்கை தெரியாது.

*வெப்ப உணரி.* இந்தக் கேமராக்களுக்கு உருவம் தெரியாது. சுற்றுப்புறத்தைவிட வேறுபட்ட சூடு நகர்வதைத்தான் உணர்கின்றன. அமெரிக்கக் குளிர்காலத்தில் மானுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் ரொம்பப் பெரிசு. கிருஷ்ணகிரியில் ஏப்ரல் மத்தியானம் காற்றே மிருகத்தின் உடல் சூட்டை நெருங்கிவிடும், உணரி பாதி குருடாகிவிடும். அங்கே நூறடி என்று போட்டிருக்கும் தூரத்தை இங்கே அப்படியே நம்ப முடியாது. ஓசூர் மேட்டில் குளிர்ந்த இரவுகளில் அதே கேமரா நன்றாகவே வேலை செய்யும். கோடைக்குத் தனியாக உணர்திறனைக் கூட்டி வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்க.

*இரவு விளக்கு.* அகச்சிவப்பு விளக்கில் இரண்டு வகை. 850 நானோமீட்டர் தூரம் போகும், ஆனால் எரியும்போது மங்கிய சிவப்புப் புள்ளி தெரியும். 940 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. வேட்டைக்காரர் மான் மிரளுமே என்று யோசிப்பார். நம்ம கவலை திருட்டு. ரோட்டோரம், பொதுப் பாதையோரம் வைக்கிறதா இருந்தால் 940 தேவலாம். நிலத்துக்கு நடுவில் என்றால் 850 போதும். சிறுத்தையின் புள்ளிகளை வைத்து அடையாளம் காணும் ஆய்வாளர்கள் வெள்ளை ஃப்ளாஷ் கேட்பார்கள். நமக்கு அது வேண்டாம்.

*பேட்டரி.* உண்மையான செலவு இங்கேதான். பல கேமராக்களுக்கு எட்டு ஏஏ செல் வேண்டும். ஒரு செல் 40 ரூபாய் என்று வைத்தால் ஒரு தடவைக்கு 320. மாசம் ஒரு முறை மாற்றினால் வருஷத்துக்கு 3,840. மலிவான கேமராவின் விலையில் பாதிக்கு மேல் அதிலேயே போயிடும். சாதாரண ஆல்கலைன் செல் தீரத் தீர மின்னழுத்தம் இறங்குவதால் முதலில் இரவுப் படம்தான் மங்கும். ரீசார்ஜ் செல் நல்ல வழி. ஆனால் அதன் அழுத்தம் 1.2 வோல்ட்தான், சில கேமராக்கள் அதைத் தீர்ந்த செல் என்று நினைத்து நின்றுவிடும். வாங்குவதற்கு முன் கையேட்டில் இதைத் தேடுங்க.

*4ஜி கேமரா.* படம் நேராகப் போனுக்கே வரும் என்பது பெரிய ஆசைதான். வெளிநாட்டு மாடலை வரவழைத்தால் அது பேசும் அலைவரிசை வேறாக இருக்கலாம். ஜியோ இங்கே பேண்ட் 3, 5, 40 பயன்படுத்துகிறது. அமெரிக்காவுக்காகச் செய்த பல கேமராக்கள் அந்த ஊர் அலைவரிசைக்கும் அந்த ஊர் சந்தாவுக்கும் கட்டுப்பட்டவை. அஞ்செட்டி, உரிகம் பக்கத்துப் பள்ளங்களில் போனுக்கே சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. கேமரா கட்டப்போகும் மரத்தடியில் உங்கள் போனை வைத்து ஒரு படம் அனுப்பிப் பாருங்க. போகலைன்னா 4ஜிக்குக் காசு கொடுக்காதீங்க.

அப்போ எதை வாங்கறது?

என் கணக்கு இது. ஒன்றிரண்டு ஏக்கரில் வருவது யார் என்று மட்டும் தெரியணும் என்றால், மெமரி கார்டில் பதியும் சாதாரண கேமரா போதும். இணையக் கடைகளில் சுமார் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் கிடைப்பவற்றில், திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள கடையாகப் பார்த்து வாங்குங்க. வந்த அன்றைக்கே ராத்திரி அதன் முன்னால் நாலு காலில் தவழ்ந்து போய்ச் சோதியுங்க. ஐந்து, பத்து, பதினைந்து மீட்டரில் தவழ்ந்தால் எதில் விழுகிறது, எதில் விழவில்லை என்று தெரிந்துவிடும். அட்டையில் போட்டதைவிட அந்த அரைமணி நேரம் அதிகம் சொல்லும். கதவின் ரப்பரையும் பாருங்க. அது சரியில்லையென்றால் மழைத்தண்ணியும் எறும்பும் உள்ளே குடியேறிவிடும். கார்டு 32 ஜிபி போதும். அதற்கு மேல் போட்டால் பல மலிவு கேமராக்கள் ஏற்காது.

ஒரு விலை உயர்ந்த கேமராவா, இரண்டு சுமாரான கேமராவா என்றால் வயலுக்கு நான் இரண்டு என்பேன். மிருகம் நுழையும் இடம் ஒன்று, வெளியேறும் இடம் ஒன்று என்று இருக்கும். மாறாக, யானைகளை மாலையிலேயே அறிந்து ஊரை எச்சரிப்பதுதான் நோக்கம் என்றால் இந்தச் சின்னப் பெட்டிகளை நம்பக் கூடாது. கோவை மதுக்கரையில் ரயிலிலிருந்து யானைகளைக் காக்க 2024-ல் வனத்துறை 12 கோபுரங்களுடன் அமைத்த செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்புக்குச் சில கோடி ரூபாய் ஆனது. அந்த வேலை வேறு, இந்த வேலை வேறு.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை:

- முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே உயரம். தடத்திலிருந்து மூன்று முதல் ஐந்து மீட்டர்.
- மிருகம் நேராக வரும்படி வைக்காமல், குறுக்கே கடக்கும்படி வையுங்க. உணரிக்குக் குறுக்கு அசைவுதான் சுலபம்.
- வடக்கு அல்லது தெற்குப் பார்த்து இருக்கட்டும். கிழக்கு, மேற்கு என்றால் வெயில் ஏமாற்றும்.
- முன்னால் ஆடும் புல்லை வெட்டுங்க. இல்லாவிட்டால் ஆயிரம் புல் படம் கிடைக்கும்.
- யானை வரும் வழியென்றால் கேமராவைப் பிடுங்கிப் பார்க்கும். இரும்புக் கூடு போடலாம், அல்லது உயரத்தில் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டலாம்.

காட்டுக்குள் வைக்காதீங்க

சொந்தப் பட்டா நிலம் வரைக்கும்தான் இது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அங்கே கேமரா கட்டினால் வேட்டைக்கு வேவு பார்க்கிறார் என்ற சந்தேகம் வருவதும் நியாயம்தான்.

அடுத்தது படங்களைப் பகிர்வது. கடமான் எந்த வரப்பில், எத்தனை மணிக்கு வருகிறது என்ற தகவல் விவசாயிக்கு எவ்வளவு உதவுமோ, நாட்டுத் துப்பாக்கிக்காரனுக்கும் அவுட்டுக்காய் வைப்பவனுக்கும் அவ்வளவு உதவும். வாட்ஸ்அப் குழுவில் போடுவதாக இருந்தால் இடமும் நேரமும் இல்லாமல் போடுங்க. சிறுத்தையோ புலியோ பதிந்தால் முதல் தகவல் வனச்சரக அலுவலகத்துக்குப் போகட்டும்.

கடைசியாக மனுஷங்க. கார்பெட் புலிகள் காப்பகத்தைப் பற்றி 2024-ல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று, விறகுக்குப் போகும் பெண்கள் கேமராக்களுக்குக் கூசிப் பாடுவதையும் பேசுவதையும் குறைத்துக்கொண்டதையும், பழக்கமில்லாத இடங்களுக்கு விலகிப் போனதையும் பதிவு செய்தது. காட்டில் சத்தம் போட்டுப் போவதே மிருகத்திடமிருந்து ஒரு பாதுகாப்பு. வரப்பு வழியாக ஆடு ஓட்டிப் போகிறவர்கள், ஒதுங்கப் போகிறவர்கள் நம்ம பக்கத்திலும் உண்டு. கேமரா வைத்திருப்பதை அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிடுங்க. மாலை ஏழு மணிக்கு மேல் மட்டும் வேலை செய்யும்படி நேரம் குறிக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களில் இருக்கு. அதைப் போட்டுவிட்டால் பேட்டரியும் மிச்சம், ஊர்ச் சண்டையும் மிச்சம்.