பெடலைக் கவனித்தால் சீசன் வாடகை தப்பும்

1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றக் காரோட்டம் நுவரெலியாவின் ஏப்ரல் சீசனுக்குப் பேர்போனது. அந்த மோகத்தை நம்பி, கணினிக் காரோட்ட விளையாட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் என் போன்ற சிறு வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை.

மிதிக்காமலே திரையில் பிரேக் விழுகிறதா? புதுப் பெடல் வாங்க ஓடாதீர்கள். சாதாரண பெடல்களில் மிதியை அளப்பது பொட்டென்சியோமீட்டர். சப்பாத்துத் தூசும் மலைநாட்டு ஈரமும் அதனுள் படிந்தால் அளவு துள்ளும்.

நான் இணைப்பைக் கழற்றி, தூசு தட்டி, கொன்டாக்ட் கிளீனர் சிறிது தெளித்து, பலமுறை மிதித்து, நன்கு உலரவிட்டே மீண்டும் பூட்டுவேன். சமையல் எண்ணெய் வேண்டாம், தூசைப் பிடித்துவைக்கும். உள்தடம் தேய்ந்திருந்தால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம்.

காந்தத்தால் அளக்கும் ஹோல் சென்சார் பெடலில் உராயும் தடம் இல்லை, வாங்குமுன் விசாரியுங்கள். சீசனில் இழந்த ஒருநாள் வாடகை திரும்பி வராது.